சி டிரைவை அழிக்குமுன்

ஒரு கணினியில் புதிய இயங்குதளத்தை ஏற்றுவது, பென்டிரைவைச் செருகி, திரையிலே தோன்றும் கேள்விகளுக்கெல்லாம் சம்மதம் தெரிவித்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடக்கூடிய சாதாரணக் காரியம் என்ற அபிப்பிராயம் நம் கடைத்தெருக்களிலே வெகு காலமாக நிலைத்திருக்கிறது. அதற்குரிய கூலியும் அந்த ஒரு மணி நேரத்தை வைத்தே பேசப்படுகிறது. ஆனால் அந்தக் கணினியை நாலைந்து வருஷ காலம் நாள்தோறும் கையாண்டு, தன் தொழிலுக்கும் தன் பாஷைக்கும் தன் விரல்களின் பழக்கத்துக்கும் ஏற்றவாறு சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்துக்கொண்ட ஒருவர் அடைந்திருந்த சௌகரியங்களெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகின்றன என்ற கேள்வியை அழிக்கிறவரும் கேட்பதில்லை, அழிக்கக் கொடுக்கிறவரும் கேட்பதில்லை. பழைய அமைப்புகளைப் பத்திரமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து புதிய இடத்தில் நிலைபெறச் செய்வதே இந்த வேலையின் பெரும்பகுதி என்பதும், தமிழில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அதன் முக்கியத்துவம் இரட்டிப்பு என்பதும் என்னுடைய உறுதியான எண்ணம்.

இதை இந்தச் சமயத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விரும்பிப் பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மாத்திரம் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையானால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் எதிர்பார்ப்பதால், 2017-க்கு முன் வாங்கிய யந்திரங்கள் அநேகமாக அதற்குத் தகுதி பெறுவதில்லை. ஆகவே ஒரு சாரார் பழைய யந்திரத்தைக் கழித்துப் புதியதை வாங்குகிறார்கள். வேறு சிலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். பெரும்பாலோர் கடைக்காரர் எது சொல்கிறாரோ அதற்குத் தலையசைக்கிறார்கள். 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கும் இதே கதி நேர்ந்தபோதும் இதே அலைச்சல்தான் நடந்தது. இரண்டு முறை நஷ்டப்பட்ட பிறகும் நம்மிடையே ஒரு முறைமை உருவாகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டையைப் போன்ற ஒரு பேரூராட்சியில் கணினி என்ன வேலை செய்கிறது என்பதைச் சென்னையில் உட்கார்ந்து ஊகிப்பது கஷ்டம். சின்னமனூர் வாழைக்காய் மண்டிகளின் வரவு செலவு, இடுக்கி மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களின் ஆள்கூலிக் கணக்கு, கல்யாண ஆல்பம் கோக்கிற ஸ்டுடியோ, பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் ஜனங்கள் வந்து காத்திருக்கும் இ-சேவை மையம், கிரயமும் பாகப்பிரிவினையும் விடுதலைப் பத்திரமும் அடித்துக் கொடுக்கும் பத்திர எழுத்தரின் மேசை ஆகிய இடங்களிலெல்லாம், பழைய காலத்துப் பெட்டகமும் பேரேடும் இருந்த ஸ்தானத்தில் இன்றைக்கு ஒரு கணினி இருக்கிறது. இவர்களில் எவருக்கும் தனியாக ஒரு கணினி நிர்வாகி கிடையாது. கம்பெனிகளில் அந்தக் காரியத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் கடையிலிருக்கும் ஓர் இளைஞனின் தோளில் விழுகிறது. அவன் கெட்டிக்காரன்; ஆனால் எதிரே இன்னும் ஐந்து யந்திரங்கள் திறந்து கிடக்கின்றன.

"அண்ணே, சி டிரைவ்ல எதுவும் இருக்கா? பார்மட் அடிச்சிரட்டுமா?" என்று அவன் கேட்கிறான். "இல்ல தம்பி, எல்லாம் டெஸ்க்டாப்புலதான் இருக்கு" என்று பதில் வருகிறது. டெஸ்க்டாப்பும், டாகுமென்ட்ஸும், டவுன்லோட்ஸும் சி டிரைவுக்குள்ளே 'யூசர்ஸ்' என்ற கோப்புறையின் கீழ்தான் வசிக்கின்றன என்பது கேட்டவனுக்குத் தெரியும், சொன்னவருக்குத் தெரியாது. அவசரத்தில் அந்த ஒரு வாக்கியத்தை அவன் கவனிக்கத் தவறினால் போயிற்று. கவனித்து அந்தக் கோப்புகளை நகலெடுத்துக்கொள்கிறவன்கூட அதோடு நிறுத்திக்கொள்கிறான். கணக்கு எழுதும் டாலி மென்பொருள், நாம் இடத்தை மாற்றிச் சொல்லாத வரையில், தன் தரவுகளைச் சி டிரைவிலேயே வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களோ, அந்த யந்திரத்தின் அந்தப் பயனருக்கு மாத்திரம் திறக்கும்படி பூட்டப்பட்டவை. கோப்புறையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் வைத்தால் பெட்டி வந்து சேருமேயொழியத் திறவுகோல் வந்து சேராது. அழிப்பதற்கு முன்பே அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும், அல்லது ஒரு கணக்கோடு ஒத்திசைவு செய்திருக்க வேண்டும். இவையெல்லாம் தெரிந்த விஷயங்களே; ஆனால் கேட்டு நினைவூட்டுவார் இல்லாதபோது தெரிந்தது பிரயோஜனப்படுவதில்லை.

தமிழின் விஷயத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகமாக வருத்துவது அதுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குப் புதிய இயங்குதளம் திறந்த மாத்திரத்தில் எழுத்தும் விசைப்பலகையும் தயாராக இருக்கின்றன. தமிழில் எழுதுகிறவர் மாத்திரம் ஒவ்வொரு முறையும் தம் பாஷையை அழைத்துக்கொண்டு வந்து குடியேற்ற வேண்டியிருக்கிறது. எக்ஸ்பி காலத்தில், வட்டார மொழி அமைப்புகளுக்குள்ளே போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டையும் தேடிச் செருகினாலொழியத் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. அதைச் செய்யத் தெரியாதவர் வீட்டிலே ஒருங்குறித் தமிழ், கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆயினும் இன்னும் சூக்ஷ்மமான வேறொரு கஷ்டம் இருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் 8.1 வரை தமிழுக்கென்று கூடவே வந்த லதா என்னும் எழுத்துரு, விண்டோஸ் 10 முதற்கொண்டு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டிய துணை எழுத்துருக்களின் வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தால், இணையத் தொடர்பு இருக்கும் பட்சத்தில், அது தானே வந்து இறங்கும், சேர்க்காவிட்டால் வராது. அப்போது லதாவில் எழுதிய பழைய கோப்பை நிர்மலா என்ற வேறோர் எழுத்துருவின் உருவத்தில் கணினி காட்டுகிறது. படிப்பதற்குத் தடையில்லை என்பதால் யாரும் இதைப் பிழையென்று உணர்வதில்லை. எழுத்தின் அகலம் மாறுவதால் வரி மாறுகிறது, வரி மாறுவதால் பக்கம் மாறுகிறது. முத்திரைத்தாளின் பக்கத்துக்குள் அடங்குமாறு வெகு சிரத்தையுடன் அமைத்துவைத்திருந்த மாதிரிப் பத்திரம் கடைசி இரண்டு வரிகளை அடுத்த தாளுக்கு அனுப்பிவிடுகிறது.

பழைய எழுத்துருக்களின் கதை இன்னும் பரிதாபமானது. தமிழக அரசு அலுவலகங்களில் வெகு நாள் ஆட்சி செலுத்திய வானவில் அவ்வையார், அச்சகங்களிலும் இலங்கைத் தமிழரிடையிலும் பரவியிருந்த பாமினி முதலியவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு யந்திரத்தில் உள்ளவரையில் கோப்பு தமிழாகத் தெரியும்; இல்லாதபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக அர்த்தமற்ற குவியலாகிவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய அதே மாதத்தில், ஒருங்குறியை மாநில அரசு தன் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆணை பிறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் 2010-க்கு முன்னர் எழுதப்பட்டவையும், பின்னர் பழக்கத்தினால் எழுதப்பட்டவையும் பழைய குறியேற்றத்திலேயே எத்தனையோ மேசைகளில் உறங்குகின்றன. எழுத்துருவைக் காப்பாற்றிக் கொண்டுபோக நினைக்கிறவருக்கும் ஓர் இடையூறு காத்திருக்கிறது: 2018-க்குப் பிந்திய விண்டோஸ் 10 பதிப்புகளில், ஓர் எழுத்துருவை இரட்டைச் சொடுக்கால் திறந்து நிறுவினால், அது எல்லோருக்கும் பொதுவான எழுத்துருக் கோப்புறைக்குப் போகாமல், அந்தப் பயனரின் மறைந்த கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொதுக் கோப்புறையை நகலெடுத்துக்கொண்டு நிம்மதியாக அழிக்கிறவர், தமக்கு வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை எடுத்துக்கொண்டு போகிறார்.

விசைப்பலகை மற்றொன்று. தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் தேர்ச்சி பெற்று, அந்தப் பழைய தட்டச்சுப்பொறி முறையிலேயே முப்பது வருஷம் விரலோட்டியவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். மனுவும் பத்திரமும் எழுதுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு பிழையின்றி அடிப்பவர். இயங்குதளம் மாற்றிக் கொண்டுவந்த மறுநாள் அவர் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் இருந்தது, அவருடைய விசைகள் இல்லை. அவர் பயன்படுத்திவந்த என்எச்எம் ரைட்டர் என்னும் இலவச மென்பொருளைக் கடையில் யாரும் திரும்ப நிறுவவில்லை. அவருக்கு அதன் பெயரே தெரியாது, திரையின் வலது ஓரத்தில் ஒரு மணி உருவம் இருக்கும் என்று மாத்திரம் தெரியும். அதை நிறுவிப் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்து கொடுக்கச் சில நிமிஷங்களே ஆயின. ஆனால் அந்தச் சில நிமிஷ வேலையைச் செய்ய ஓர் ஆள் கிடைக்கும் வரையில் ஒரு மனிதனின் முப்பது வருஷத் தேர்ச்சி முடங்கிக் கிடந்ததே, அதற்கு யார் பொறுப்பு? அவர் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த சுருக்கச் சொற்கள் — இரண்டு எழுத்து அடித்தால் ஊர், வட்டம், மாவட்டம் வரை தானே விரியும்படி செய்துகொண்ட பட்டியல் — முற்றிலும் போய்விட்டன. அவற்றை மீட்க வழியில்லை.

இரு போகம் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் தேக்கடியிலிருந்து தண்ணீர் திறந்ததும், நாற்றங்காலில் வளர்ந்த நாற்றை வேர் அறாமல் பறித்து, முடி கட்டி, சேறாக்கிய வயலில் நடுகிறவர்களுக்கு, நிலத்தை உழுது முடித்ததோடு நடவு முடிந்தது என்று சொன்னால் எவ்வளவு விபரீதமாகத் தோன்றும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பழையதையெல்லாம் அழித்துவிட்டுச் சுத்தமாகத் தொடங்குவதே நல்லது, பழைய அமைப்புகளைக் கொண்டுவந்தால் பழைய கோளாறுகளும் வைரஸும் கூடவே வரும் என்று சொல்கிற கட்சியும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்னும் பெரும் பதிவேட்டை முழுமையாகப் பெயர்ப்பதையோ, எங்கிருந்தோ வாங்கிய திருட்டுப் பதிப்பு மென்பொருளை அப்படியே தூக்கிவருவதையோ நானும் ஆதரிக்கவில்லை. அச்சுப்பொறி டிரைவரையும், ஆதார் கைரேகைக் கருவிக்குரிய ஆர்டி சேவையையும் புதிதாகத் தரவிறக்கி நிறுவுவதே உசிதம். ஆனால் எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கிற உரிமை யாருடையது என்பதே பிரச்சினை. எழுத்துரு, விசைப்பலகை, சொற்பட்டியல், மாதிரிக் கோப்புகள், உலாவியின் குறிப்புகள், காகித அளவும் ஓர அளவும் ஆகியவை கோளாறுகள் ஆகமாட்டா, அவை உழைப்பு. தன் உழைப்பைக் கழிக்கலாமா வேண்டாமா என்று உழைத்தவனைக் கேளாமல் முடிவு செய்வது, சுத்தம் என்ற பெயரால் செய்யப்பட்டாலும், அநியாயமே.

இயங்குதளத்தை ஆக்குகிறவர்களும் இதில் நடந்துகொண்ட விதம் திருப்திகரமாக இல்லை. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் ஈஸி டிரான்ஸ்பர் என்ற ஒரு கருவி கூடவே வந்தது. கோப்புகளையும் பயனர் அமைப்புகளையும் ஒரு வன்தட்டில் மூட்டை கட்டிப் புதிய யந்திரத்தில் அவிழ்த்துத் தந்தது. இணையம் அதற்கு வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இல் அது நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 2023-இல் வந்த விண்டோஸ் பேக்கப், எல்லாவற்றையும் மைக்ரோசாப்ட் கணக்கின் மூலம் ஒன்டிரைவில் கொண்டுபோய் வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. ஒரு கல்யாணத்தின் படங்களுக்கே அது காணாது. தவிர, இந்தப் பகுதியில் கணக்கு என்பது பல சமயங்களில் கடைக்காரத் தம்பி தன் மின்னஞ்சலையே இட்டுத் தொடங்கித் தருகிற ஒன்றாக இருக்கிறது. அதிலே பெரிய ஆபத்து அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 11 கணக்கோடு தொடங்கப்படும்போது பல யந்திரங்களில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது; அதன் மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. என்றைக்காவது யந்திரம் அந்தத் திறவுகோலைக் கேட்டால், உரியவரிடம் அது இராது. எப்போதோ கடையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்ட ஓர் இளைஞனின் அஞ்சல்பெட்டியில் இருக்கும். சொந்தக் கணக்கு இல்லாமல் எவரும் புதிய யந்திரத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்லுவேன்.

லினக்ஸில் இந்த விஷயம் ஆதியிலிருந்தே நேர்த்தியாக வகுக்கப்பட்டிருக்கிறது. பயனருடைய கோப்புகளும் அமைப்புகளும் 'ஹோம்' என்ற ஒரே இடத்தில் இருக்கின்றன; அமைப்புகள் மாத்திரம் பெயரின் முன்னே புள்ளி வைத்த கோப்புகளாக, கண்ணில் படாமல் இருக்கின்றன. அந்த இடத்துக்கு வன்தட்டிலே தனிப் பாகம் ஒதுக்கிவிட்டால், இயங்குதளத்தின் பாகத்தை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் ஹோம் அப்படியே நிலைத்திருக்கும். தமிழ் 99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகள் அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன. நமக்கு இது புதிதுமன்று. சி. உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007-இல் மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. குமுளி மலை ஏறினால், அந்தப் பக்கத்து இடுக்கிப் பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் தயாரித்த லினக்ஸிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் பார்த்த மடிக்கணினிகளில் பாஸ் இருந்த பாகம், இடம் போதவில்லை என்ற காரணத்தால், முதல் பார்மட்டிலேயே காணாமல் போயிருந்தது. கொடுத்தவர்கள் யந்திரத்தைக் கொடுத்தார்கள். அதை வைத்துப் பராமரிக்கும் வித்தையைக் கூடவே கொடுக்கவில்லை.

ஆகையால் நான் கேட்பவை சில. கடைக்காரர்கள், அழிக்கும் பொத்தானைத் தொடுமுன் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, என்ன எழுத்துரு, என்ன விசைப்பலகை, கணக்கு எங்கே இருக்கிறது, கடவுச்சொற்கள் எங்கே, அச்சுப்பொறி எது என்று வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்பட்டும். அதற்கான நேரத்துக்குத் தனிக் கூலி கேட்கட்டும். கொடுப்பதற்கு நாம் தயங்கக் கூடாது. பழைய வன்தட்டை உடனே அழிக்காமல், செலவு சற்று அதிகமானாலும், கழற்றி உரியவர் கையில் கொடுத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியில் ஏற்றுவது இன்னும் மேல்; மேம்படுத்தப்பட்ட விண்டோஸ் பழையதைப் பத்து நாள் வரை தனிக் கோப்புறையில் வைத்திருக்கும் என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. அரசாங்கம், தான் வழங்குகிற மடிக்கணினியிலும் தன் அலுவலகக் கணினியிலும், தமிழ் மொழித் தொகுதி, துணை எழுத்துருக்கள், தமிழ் 99, பழைய தட்டச்சு ஆகியவை ஆரம்பத்திலேயே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனையாகவே எழுத வேண்டும். பழைய குறியேற்றக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தருகிற வேலையை இ-சேவை மையங்களில் ஒரு சேவையாகவே தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸும் உபுண்டுவும் தமிழ்க் கணினியும் பாடங்களாக இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் ஒரு செய்முறைத் தேர்வு வைக்கட்டும்: தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் சொற்பட்டியலும் உள்ள ஒரு கணினியைக் கொடுத்து, அதை அழித்து, புதிய இயங்குதளம் ஏற்றி, பழைய அமைப்போடு திருப்பிக் கொடுக்கச் சொல்லட்டும். விண்டோஸ் 10-க்குக் கிடைத்த நீட்டிப்பு முடிவதற்குள் அப்படிப் பயின்ற பிள்ளைகள் பேரூராட்சிக்கு நாலு பேர் இருந்தாலும், பத்திர எழுத்தரும் ஸ்டுடியோக்காரரும் மண்டிக் கணக்கரும் அடுத்த மாற்றத்தைப் பயமின்றி எதிர்கொள்வார்கள்.